கேக் தட்டத்தில் விதைத்த நெல்

சாப்பாட்டு மேசையில் வெள்ளைவெளேரென்று பனி கொட்டிக் கிடந்தது. கண்டியில் ஏது இப்படிப் பனி என்று கேட்காதீர்கள். என் வீட்டுக்காரர் சேவ் எடுக்கிற நுரை டின் ஒன்றை முழுசாக என் கேக் தட்டத்தில் பீய்ச்சி, அதன்மேல் கிறிஸ்மஸ் குடிலில் வைக்கிற இரண்டு ஆட்டுக்குட்டிப் பொம்மைகளை நிறுத்தி வைத்தது நான்தான்.

நத்தாருக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. போனில் ஒரு வீடியோ பார்த்திருந்தேன். அதில் ஒரு வெள்ளைக்காரக் குழந்தை இப்படி ஒரு நுரைக்குள் முழங்கை வரைக்கும் கையை விட்டுக் கெக்கேபிக்கே என்று சிரித்தது. வீட்டிலேயே செய்யலாம், ஐந்து நிமிட வேலை என்றார்கள். சரிதான், செய்துவிட்டேன்.

என் மகள் மெரினுக்கு அப்போது நாலரை வயது. தோட்டத்துப் பெரிய தொரை தேயிலை மலை பார்க்க வந்த மாதிரி, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு மேசையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். குனிந்து பார்த்தாள். மூக்கை உறிஞ்சினாள்.

"நல்லா இருக்கும்மா," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

நானும் ஆட்டுக்குட்டிகளும்தான் மிச்சம். நுரை மெல்ல மெல்ல அமுங்க, ஆடுகள் வயிறு வரைக்கும் இறங்கிவிட்டன. அந்தத் தட்டத்தை மூன்று தரம் கழுவினேன். நுரை டின் எங்கே என்று மறுநாள் காலையில் கண்ணாடி முன்னால் நின்று அவர் கேட்டபோது நான் அடுப்படிக்கு நழுவிவிட்டேன்.

கைப்பையின் வார்

விஷயம் இதுதான். மெரின் எதையும் கையால் தொடமாட்டாள். ஈரம் ஆகாது, பிசுபிசுப்பு ஆகாது, குத்துகிறது ஆகாது. சோறு கரண்டியில் ஊட்ட வேண்டும். ஒரு பருக்கை கையில் ஒட்டினாலும் கையை நீட்டிக்கொண்டு வந்து என் முன்னால் நிற்பாள், துடைக்கும் வரைக்கும் நகரமாட்டாள்.

அதெல்லாம் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அவள் என் கையைப் பிடிக்கமாட்டாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் பஸ்ஸுக்கும் சனத்துக்கும் நடுவில் போகும்போது எல்லாப் பிள்ளைகளும் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு போகும். என் பிள்ளை என் கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டு வருவாள். எனக்கு உள்ளங்கை எப்போதும் வியர்க்கும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அந்த ஈரம் அவளுக்கு ஆகவில்லை. ஒரு நாள் ரோட்டைக் கடக்கும்போது வான் ஒன்று வந்துவிட்டதென்று சட்டென்று கையைப் பற்றி இழுத்தேன். அவள் வானுக்குப் பயப்படவில்லை. என் கைக்குப் பயந்து அழுதாள்.

டொக்டரிடம் காட்டினோம். பயப்பட ஒன்றுமில்லை, சில பிள்ளைகள் இப்படித்தான், விளையாட்டோடு விளையாட்டாகப் பலதையும் தொடப் பழக்குங்கள், வற்புறுத்தாதீர்கள் என்றார். ஜனவரியில் அவளை நேர்சரியில் விட வேண்டும். அங்கே டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டு வரிசையில் போக வேண்டும். அதற்குள் எப்படியாவது என்று நான் வீடியோ பார்க்கத் தொடங்கினேன். வற்புறுத்தாதீர்கள் என்றதை மட்டும் மறந்துவிட்டேன்.

தொடாதே, தொடாதே

பழி யார் மேல்? யோசித்துப் பார்த்தால் பாதி என் மேல்தான்.

உலகமே கையைக் கழுவிக்கொண்டிருந்த நாட்களில் பிறந்தவள் அவள். வந்த சனத்தை வாசலோடு திருப்பி அனுப்பினோம். பால் மாப் பெட்டியைக் கூடத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே எடுத்தேன். சங்கிலியில் கோத்த சனிட்டைசர் போத்தல் என் கழுத்தில் தொங்கும். அவள் தவழத் தொடங்கியபோது வீட்டில் அதிகம் கேட்ட சொல் 'தொடாதே'தான்.

நோய்க்காலம் போய்விட்டது. என் வாயிலிருந்து அந்தச் சொல் போகவில்லை. எனக்கு அது பழைய சொல். மடுல்கெல்லவில் அப்பா தேயிலைத் தோட்டத்துக் கிளாக்கர். எங்கள் குவார்ட்டர்ஸுக்குக் கீழேதான் தொழிலாளர் லயம். மழை விட்டதும் லயத்துப் பிள்ளைகள் வடிகால் கானில் மண் அணை கட்டித் தண்ணீரைத் தேக்கி விளையாடும். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்ப்பேன். கிளாக்கர் வீட்டுப் பிள்ளை மண்ணில் இறங்கக் கூடாது என்பது அம்மாவின் சட்டம். ஒரே ஒரு தரம் இறங்கினேன். அன்றைக்கு வாங்கிய அடியை இங்கே எழுதவில்லை.

அப்படி வளர்ந்தவள் பிள்ளைக்கு விளையாடச் சொல்லிக் கொடுக்கப் புறப்பட்டால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது.

ஞானம் வந்தாள்

தம்பி ராஜனின் கல்யாணத்தில் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்ற கதையைப் போன வாரம் இந்தப் பத்தியில் எழுதியிருந்தேன். ஊரெல்லாம் வாசிக்கவா என்று ராஜன் போன் போட்டுச் சத்தம் போட்டான். ஊரெல்லாம் வாசிக்கத்தான் எழுதுகிறேன். நான் செய்தது தப்பு என்று எழுதிவிட்டு, ஏன் தப்பு என்று எழுதாமல் விட்டால் எப்படி?

அவன் கட்டியது கலஹாப் பக்கத்துத் தோட்டத்தில் ஆயம்மாவாக வேலை செய்கிற ஞானத்தை. கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற இடத்துக்கு அரசாங்கக் கடுதாசியில் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று பெரிய பெயர். தோட்டத்தில் இன்றைக்கும் அது பிள்ளைக் காம்பராதான். அங்கே பிள்ளை பார்க்கிறவள் ஆயம்மாதான். கிளாக்கர் மகனுக்கு ஆயம்மாவா என்பதுதான் அன்றைக்கு என் முகத்தில் இருந்தது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

நுரை விளையாட்டு நடந்த அந்த மார்கழியில் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. அவர்கள் லயத்துக்கு மேலே மலையில் வெடிப்பு விட்டிருக்கிறது என்று எல்லாரையும் வீட்டை விட்டு எழும்பச் சொல்லிவிட்டார்கள். பஸ் ரோட்டிலும் மண் சரிந்து மூடிவிட்டது. பிள்ளைக் காம்பராவும் பூட்டு. ராஜனும் ஞானமும் இரண்டு பைகளோடு, பாதித் தூரம் நடந்தே, ஹந்தானைக்கு ஏறுகிற ரோட்டில் இருக்கிற எங்கள் மேல்மாடி வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். வாங்க வாங்க என்று வாய் சொன்னது. அவர்களுடைய செருப்பில் அப்பியிருந்த மண்ணைத்தான் என் கண் பார்த்தது.

ஞானம் அதைப் பார்த்துவிட்டாள். இரண்டு சோடியையும் கையில் எடுத்துக்கொண்டு கீழே குழாயடிக்குப் போனாள்.

கூப்பிடாத விளையாட்டு

மறுநாள் நான் அடுத்த வீடியோவில் இருந்தேன். அரிசிக்குப் பச்சையும் சிவப்பும் சாயம் போட்டுக் காயவைத்துத் தட்டில் பரப்பியிருந்தேன். மெரின் வழக்கம்போலக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். தொடு கண்ணு, தொட்டுப் பாரு, ஒரே ஒரு விரல் என்று நான் கெஞ்சிக்கொண்டிருந்தேன். என் குரல் போகப் போக உயர்ந்தது எனக்கே தெரிந்தது. ஞானம் கதவடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

மெரின் ஓடிப்போன பிறகு, "அண்ணி, நான் கொஞ்சம் விளையாடவா?" என்று கேட்டாள்.

பிள்ளையோடு விளையாடப் போகிறாள் என்று நினைத்தேன். இல்லை. தான் விளையாடப் போகிறாளாம். கேத்தலில் மிஞ்சிய தேயிலைச் சக்கையைக் காயவைத்துச் சுளகில் கொட்டி, ஹோல் நடுவில் தரையில் உட்கார்ந்தாள். அறைக் கதவில் நின்ற மெரினுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் உட்கார்ந்தாள். ஒரு விரலால் சக்கையில் ரோடு போட்டாள். குடிலின் மூன்று ராசாக்களை அந்த ரோட்டில் நடத்திக்கொண்டு, இங்கே மண் சரிஞ்சிருக்கு, பஸ் போகாது, ஒட்டகத்தை இந்தப் பக்கம் திருப்பு என்று தனக்குத்தானே பேசினாள். ஒரு தரம் கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

பத்து நிமிடத்தில் மெரின் அவள் முதுகுக்குப் பின்னால் நின்றாள். ஞானம் அப்போதும் கூப்பிடவில்லை. முப்பது பிள்ளைகளை மேய்க்கிறவள். ஒரு பிள்ளையைக் கூப்பிட்டால் அது ஓடும், கூப்பிடாமல் விட்டால் வரும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. இவ்வளவு படித்த எனக்குத் தெரியவில்லை.

அடுத்த நாள் வெறும் மருந்துப் போத்தல்களில் கறுவாப் பட்டை ஒன்றில், கராம்பு ஒன்றில், ஏலக்காய் ஒன்றில், தோடம்பழத் தோல் ஒன்றில் போட்டு, வாயைத் துணியால் கட்டி வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு எது என்னவென்று சொல்ல வேண்டும். கைக்கு வேலையே இல்லை, மூக்குக்குத்தான் வேலை. மெரின் நாலையும் பிழையில்லாமல் சொன்னாள். ராஜன் கராம்பையும் கறுவாவையும் மாற்றிச் சொன்னான். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

அதற்கடுத்த நாள் என் இரண்டு ஆட்டுக்குட்டிகளையும் தண்ணீரில் போட்டு ஐஸாக்கி, அந்தக் கட்டியைக் கிண்ணத்தில் வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். மெரின் தொட்டுக் கரைக்கவில்லை. கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, அது தானாகக் கரையும் வரைக்கும் இருந்து பார்த்தாள். மார்கழிக் குளிரில் எப்போது கரைவது? எனக்கு அழுகை வந்துவிட்டது. குசினிக்குப் போய், சமைத்துக்கொண்டிருந்த ஞானத்திடம், பார்த்தியா, ஐஸைக் கூடத் தொடமாட்டேங்குறா என்றேன்.

"நீங்க எதைப் பாக்குறீங்க அண்ணி? எவ்வளவு நேரமா உக்காந்திருக்குன்னு பாருங்க. எங்க காம்பராவுல ஒரு பிள்ளை இப்படி உக்காராது."

நான் குறை என்று பார்த்ததை அவள் பெருமை என்று பார்த்தாள். ஆளையே உற்றுப் பார்த்தேன். எண்ணெய் வைத்து வாரிய தலை, வெளுத்துப்போன சட்டை, கையில் வெங்காயம். அன்றைக்குத்தான் நான் அவளை முதல் முதலாகச் சரியாகப் பார்த்தேன் என்று நினைக்கிறேன்.

குமாரியின் நெல்

எங்கள் வீடுகளில் ஒரு வழக்கம். நத்தாருக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் முன்னால் தட்டில் மண் பரப்பி நெல்லோ குரக்கனோ தூவி விடுவோம். பாலன் இயேசு பிறக்கும் நாளைக்குப் பச்சைப்பசேலென்று நிற்கும். அதைக் குடிலுக்கு முன்னால் வயலாக வைப்போம். வீட்டில் ஆகச் சின்னப் பிள்ளைதான் பாலனைக் குடிலில் வைக்க வேண்டும். முந்தின வருடம் வைக்கோல் குத்தும் என்று மெரின் மாட்டேனென்றுவிட, நான்தான் வைத்தேன்.

நெல்லுக்கு எங்கே போவது? நான் வேலை செய்கிற கந்தோரில் என் பக்கத்து மேசை குமாரிக்கு ஊர் குண்டசாலை, அண்ணன் நெல் மில் வைத்திருக்கிறார். நத்தார் சோடனைக்கு ஒரு பிடி நெல் வேண்டும், நல்ல பொன் நிறமாகப் பார்த்துக் கொண்டு வா என்றேன். கொண்டு வந்தாள். அடேயப்பா, என்ன நிறம்! வீட்டுக்குக் கொண்டு வந்து எல்லாருக்கும் காட்டினேன். ஞானம் நாலு மணியைக் கையில் எடுத்து உருட்டினாள். மூக்கருகில் கொண்டு போனாள். என்னை ஒரு தரம் பார்த்தாள். பிறகு நெல்லைத் திரும்ப வைத்துவிட்டு, "நல்ல நெறந்தான் அண்ணி," என்றாள்.

மண்ணும் அவள்தான் கொண்டு வந்தாள், வீட்டுக்குப் பின்னால் இருக்கிற மேட்டிலிருந்து. பெரிய தட்டு வேறு இல்லாததால் என் கேக் தட்டத்திலேயே பரப்பினாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

மெரின் எட்டி நின்று கேட்டாள், அத்தையின் வீட்டு ரோட்டை மூடிய மண்ணா இது என்று. மலை வெடித்ததற்காக வீட்டை விட்டு ஓடி வந்தவள் அந்த மண்ணைக் கையில் பிசைந்துகொண்டே சொன்னாள்.

"அது ஓடுன மண்ணு. இது உக்காந்த மண்ணு. இது ஒண்ணும் செய்யாது."

நெல்லைத் தூவியதும் அவளேதான். மெரினின் வேலை, காலையில் எழும்பி நெல் எழும்பிவிட்டதா என்று பார்ப்பது. பார்க்க மட்டும்தான். ஐஸை அவ்வளவு நேரம் பார்த்தவளுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை எது?

வெட் டிஷு

மூன்று நாள் பார்த்தாள். ஒன்றும் எழும்பவில்லை. நாலாம் நாள் குனிந்து ஊதிப் பார்த்தாள். ஐந்தாம் நாள் கரண்டிக் காம்பால் மெல்லக் கிளறிப் பார்த்தாள். நெல் ஏன் எழும்பவில்லை என்ற கவலை அவளுக்கு வந்துவிட்டது. கோழித் தூக்கம் தூங்குகிற பிள்ளை, விடிந்ததும் முதலில் அந்தத் தட்டத்தடிக்குத்தான் போவாள்.

ஆறாம் நாள் சனிக்கிழமை. நான் குசினியிலிருந்து எட்டிப் பார்த்தேன். மெரின் தட்டத்துக்கு முன்னால் குந்தியிருந்தாள். இடது கை முதுகுக்குப் பின்னால் இருந்தது. வலது கையின் ஒரு விரல் மண்ணுக்குள் இருந்தது.

நம்பமாட்டீர்கள், நகம் முழுக்க உள்ளே போயிருந்தது.

ஹோலின் மறு மூலையில் உடுப்பு மடித்துக்கொண்டிருந்த ஞானம் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். வராதீங்க என்கிறாள் என்று புரிந்தது. புரிந்து என்ன செய்ய? சந்தோசம் என்னை எங்கே நிற்கவிட்டது? ஐயோ என் தங்கமே என்று கூவிக்கொண்டு ஓடினேன். போகிற போக்கில் கை தானாக மேசையிலிருந்த வெட் டிஷுவை உருவிக்கொண்டு போயிருக்கிறது. விரலை வெளியே எடுக்கும் முன்னமே துடைக்க நின்றேன்.

மெரின் விரலைப் பார்த்தாள். டிஷுவைப் பார்த்தாள். முகம் சுருங்கியது. இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால் போய்விட்டன. எழும்பி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"அண்ணி, ஒரு நிமிசம் உங்களால சும்மா இருக்க முடியாதா?"

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் ஞானம் என்னிடம் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தரம். சொன்ன பிறகு அவளே பயந்துபோனாள். என் வீட்டில் வந்து இருந்துகொண்டு என்னையே பேசுகிறாளா என்று எனக்கு உச்சிக்கு ஏறியது. பல்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். எதிரே ஹந்தானை மலை முழுசாக மூடுபனிப் புகாருக்குள் இருந்தது. கோபம் இறங்க வெகுநேரம் எடுத்தது. இறங்கிய பிறகு பார்த்தால், என் கையில் அந்த டிஷு அப்படியே இருந்தது. அவள் சொன்னதில் ஒரு சொல் பிழையில்லை.

இரண்டு நாள் மெரின் தட்டத்தடிக்குப் போகவே இல்லை. அந்த இரண்டு நாளும் என் நெஞ்சு இருந்த இருப்பு எனக்குத்தான் தெரியும். நேர்சரியும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், அந்த ஒரு விரலைத் திருப்பிக் கொடு என்று மன்றாடினேன்.

மூன்றாம் நாள் நெல்தான் அவளைக் கூப்பிட்டது. ஒன்பது நாளாகியும் எழும்பாத நெல்லை அவளால் விட்டுவிட்டு இருக்க முடியவில்லை. போய்க் குந்தினாள். ஒரு விரல், பிறகு இரண்டு விரல். நான் குசினிக்குள் அம்மிக்குப் பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்து, முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டிருந்தேன். சும்மா இருப்பது இவ்வளவு பெரிய வேலை என்று எனக்கு அதுவரைக்கும் தெரியாது.

எழும்பாத நெல்

நத்தாருக்கு இரண்டு நாள் இருக்கும்போது கந்தோரில் குமாரியிடம், உன் நெல் முளைக்கவே இல்லையே என்றேன். அவள் திகைத்துப்போனாள். முளைக்கப் போடவா கேட்டாய், சோடனைக்கு என்றல்லவா சொன்னாய் என்றாள். நான் பொன் நிறம் என்று கேட்டதால் அவள் அவித்துக் காயவைத்த நெல்லைப் பார்த்து அள்ளி வந்திருக்கிறாள். மில்லுக்குள் போக இருந்த புழுங்கல் நெல். அதை நான் விதைத்து, பத்து நாள் தண்ணீர் தெளித்து, பிள்ளையைக் காவல் வைத்திருக்கிறேன். நெல்லே பார்க்காத வம்சம் இல்லை நாங்கள். ஆனாலும் தேயிலைக்கு நடுவில் பிறந்து டவுனில் குடியேறியவளுக்கு அவித்த நெல் எது, பச்சை நெல் எது என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து ஞானத்திடம் சொன்னேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"மொத நாளே தெரியும் அண்ணி. உமி வாய் தெறந்திருந்துச்சு. அவிச்ச வாடையும் இருந்துச்சு."

"ஏன் சொல்லல?"

"நீங்க அவ்வளவு சந்தோசமா காட்டினீங்க. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு பயம். ரகசியமா குரக்கன் தூவி விடலாம்னு இருந்தேன். அதுக்குள்ள பிள்ளை குனிஞ்சு பாக்க ஆரம்பிச்சிருச்சு. சரி, பாக்கட்டும்னு விட்டுட்டேன்."

என்னிடம் பயம். அது என்னைக் குத்தியது. ஆனால் அந்தப் பயம் மட்டும் இல்லாமல் இருந்தால் நெல் அன்றைக்கே மாறியிருக்கும், முளைத்திருக்கும், மெரின் பார்த்துவிட்டு நல்லா இருக்கும்மா என்று போயிருப்பாள். இதற்காக நான் சந்தோசப்படுவதா வெட்கப்படுவதா?

டவுனில் நடைபாதையில் முளைத்த தட்டுகள் விற்பார்கள், ஒன்றை வாங்கிவந்து மாற்றி வைத்துவிடலாம் என்றேன். ஞானம் கேட்கவில்லை. பிள்ளை தினம் கையை விட்டுத் தேடியிருக்கு, அதுகிட்டப் பொய் சொல்லக் கூடாது என்றாள். அவளே மெரினைப் பக்கத்தில் உட்காரவைத்து, இது அவிச்ச நெல்லு, எழும்பாது, பெரியவங்க தெரியாம போட்டுட்டோம் என்று சொன்னாள்.

மெரின் அழவில்லை. தட்டத்தைக் குனிந்து பார்த்தாள்.

"செத்துப்போச்சா அத்தை?"

"இல்ல சாமி. இது சோறாகப் போற நெல்லு. வழி மாறி இங்க வந்துருச்சு."

இருபத்துநாலாம் திகதி பின்னேரம்

எங்கள் கோவிலில் இப்போதெல்லாம் நத்தார்ப் பூசையைப் பின்னேரமே வைத்துவிடுகிறார்கள். நாங்கள் உடுத்துப் புறப்பட்டு நின்றோம். எனக்கு வெள்ளைச் சேலை. மெரினுக்கு வெள்ளைச் சட்டை, வெள்ளைச் சொக்ஸ். ஆளைக் காணவில்லை.

குடிலடியில் இருந்தாள். கேக் தட்டத்துக்கு முன்னால் குந்தி, மணிக்கட்டு வரைக்கும் இரண்டு கையையும் சேற்றுக்குள் விட்டு, ஒவ்வொரு நெல்லாகத் தேடி எடுத்துச் சிரட்டையில் போட்டுக்கொண்டிருந்தாள். என்ன செய்கிறாள் என்று அவள் அப்பா கேட்டார். வழி மாறி வந்த நெல்லைச் சோற்றுக்கு அனுப்ப வேண்டுமாம். நிமிர்ந்து கூடப் பார்க்கவில்லை.

நான் என் கைப்பையைத் திறக்கவில்லை. அதற்குள் டிஷு இருந்தது, சனிட்டைசரும் இருந்தது. ஞானம் என்னைப் பார்த்தாள். நான் சும்மா நின்றேன்.

பூசைக்கு மணியடித்துவிட்டது. அவள் அப்பா பாலனை எடுத்து நீட்டினார். மடுல்கெல்லவில் என் அப்பா வைத்திருந்த சாந்துப் பாலன் அது. அதை வருடா வருடம் பஞ்சால் துடைத்துப் பாதுகாத்து வருகிறேன். மெரின் சேற்றுக் கையோடு அதை வாங்கினாள். வைக்கோலைப் பார்த்தாள், வேண்டாமென்று தலையாட்டினாள். தட்டத்தில் நெல் எடுத்த குழிகளுக்கு நடுவில் ஒரு இடத்தைத் தட்டிச் சமப்படுத்தி, அங்கே பாலனைக் கிடத்தினாள். பாலனின் வயிற்றில் ஐந்து விரலும் பதிந்திருந்தன. அந்த அடையாளத்தை நான் இன்றைக்கு வரைக்கும் துடைக்கவில்லை.

படியிறங்கினோம். மழை அப்போதுதான் விட்டிருந்தது, ரோடெல்லாம் வழுக்கல். ராஜனும் ஞானமும் முன்னால் போனார்கள். மெரின் கைப்பையின் வாரைப் பிடிப்பாள் என்று நான் பையை வழக்கம்போல அவள் பக்கம் மாற்றிக்கொண்டேன். அவள் வாரைப் பிடிக்கவில்லை. என் வலது கைக்குள் சில்லென்று, பிசுபிசுவென்று என்னவோ நுழைந்தது. குனிந்து பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. பார்த்தால் எடுத்துவிடுவாளோ என்ற பயம். என் கையும் வியர்த்துக்கொண்டுதான் இருந்தது. அவளுடைய சேற்றுக்கு அது தெரியவில்லை போலும்.

கோவில் வாசல் வரைக்கும் அப்படியே நடந்தோம். அந்தப் பத்து நிமிடத்தைப் பற்றி எனக்கு எழுதத் தெரியவில்லை.

பூசையில் நற்கருணை வாங்க வரிசையில் போனேன். நோய்க்காலத்துக்குப் பிறகு எங்கள் கோவிலில் கையில்தான் கொடுக்கிறார்கள். முன்னால் நின்ற ஞானம் இரண்டு கையையும் ஏந்தி வாங்கிக்கொண்டு விலகினாள். என் முறை வந்தது. என் வலது உள்ளங்கை முழுக்க மெரினின் மண். வாசலில் குழாய் இருந்தது. கழுவியிருக்கலாம். எனக்கு மனம் வரவில்லை. கையைப் பொத்திக்கொண்டு, பழைய காலத்தைப் போல வாயைத் திறந்தேன். பூசை வைத்த சுவாமி ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தார், பொத்திய கையைப் பார்த்தார், நாவில் வைத்தார்.

வாங்குப் பலகைக்கு வந்து முழங்காலில் நின்றேன். மெரின் பக்கத்தில் வந்து என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, மண் இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது. தன் கையை அதற்குள் வைத்து மூடிக்கொண்டாள்.

சோறு இன்னும் கரண்டியில்தான். அது கிடக்கட்டும்.